காற்றுப் பள்ளத்தாக்கின் இளவரசி

சித்திரக்கதை என்றதும் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது பெரியோர் பலரின் இயல்பு. பாடப் புத்தகத்தினுள்ளே மறைத்து வைத்து வாசிக்கப்படுவது என்ற அளவிலேயே அதற்கு மதிப்பு. யப்பான் நாட்டிலோ நிலைமை வேறு. அங்கே ‘மங்கா’ என வழங்கும் சித்திரக்கதைகள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், வலப்புறமிருந்து இடப்புறமாக வாசிக்கும் முறையில், வார, மாத இதழ்களிலே தொடராக வெளிவருகின்றன. பின்னர் தொகுதிகளாக நூலுருப் பெறுகின்றன. மாணவரும் வாசிப்பர், மாணவரின் பெற்றோரும் வாசிப்பர். வரலாறு, சமையல், விளையாட்டு, போர், காதல், மெய்ப்பொருள் ஆய்வு என அவை தொடாத துறை இல்லை. இத்தகைய மங்கா ஒன்றினையும், அதிலிருந்து பிறந்த சித்திரத் திரைப்படம் ஒன்றினையும் பற்றியதே இன்றைய பேச்சு.

அப்படத்தின் பெயர் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’. அது யப்பானில் 1984ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி திரைக்கு வந்தது. நூற்றுப் பதினேழு நிமிடங்கள் ஓடுவது. கதையை எழுதி, வரைந்து, இயக்கியவர் ஹயாவோ மியாசாக்கி. தயாரிப்பாளர் அவருடைய நெடுநாள் நண்பரான இசாவோ தகஹதா. இசை அமைத்தவர் ஜோ ஹிசைஷி.

மியாசாக்கி 1941இல் டோக்கியோவிலே பிறந்தவர். அவருடைய குடும்பத்தார் நடத்திய தொழிற்சாலை, போர்க்காலத்திலே யப்பானியப் போர் விமானங்களுக்கு உறுப்புகள் செய்து கொடுத்தது. 1945இல் குடும்பம் ஒதுங்கியிருந்த உட்சுனோமியா நகரின்மீது குண்டுமாரி பொழிந்தபோது அவருக்கு வயது நான்கு. பறக்கும் பொறிகளின்மீது அடங்காத காதல், அப்பொறிகள் செய்யும் அழிவின்மீது ஆறாத வெறுப்பு ஆகிய இரண்டும் ஒருவர் நெஞ்சிலேயே குடிகொண்டமைக்கு இவ்வரலாறு காரணமாகும். அவருடைய படங்களுள் வானில் எதுவும் பறவாத படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உயர்தரப் பள்ளியின் இறுதியாண்டிலே, 1958இல் வெளியான ‘வெண்பாம்பின் கதை’ என்ற வண்ணச் சித்திரப் படத்தைக் கண்டு அவர் உள்ளம் நெகிழ்ந்தார். 1963இல் அப்படத்தை ஆக்கிய தோயெய் நிறுவனத்திலேயே சித்திரக்காரராகச் சேர்ந்தார். தகஹதாவின் நட்பு அங்கேதான் வாய்த்தது.

நௌசிகாவின் கதை திரைக்கு வந்த வழி சிறிது விந்தையானது. மியாசாக்கி முன்வைத்த படத் திட்டங்கள் ஏற்கப்படவில்லை. மக்கள் முன்பே அறிந்த மங்கா ஒன்று அடிப்படையாக இல்லாத படத்துக்குப் பணம் இட எவரும் துணியவில்லை. ‘அனிமேஜ்’ என்ற மாத இதழின் ஆசிரியர் குழுவிலே இருந்த தொஷியோ சுசுக்கி, அவரை மங்கா வரையுமாறு தூண்டினார். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி இதழிலே தொடர் ஆரம்பமாயிற்று. திரைப்படத்துக்காக அன்று, மங்காவாக மட்டுமே வரைவது என்பது மியாசாக்கியின் நிபந்தனை. ஆனால் வாசகர் காட்டிய ஆர்வம் அந்நிபந்தனையை வென்றது. மறுவருடமே படவேலை தொடங்கிற்று.

இனிக் கதைக்கு வருவோம்.

மனிதரின் மாபெரும் கைத்தொழில் நாகரிகம் ‘ஏழுநாள் தீ’ என்னும் போரிலே எரிந்து மாண்டது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளின் பின்னர் கதை தொடங்குகிறது. அப்போரிலே மனிதர் தாமே செய்து ஏவிய பூதவீரர்கள் உலகை எரித்தனர். எஞ்சிய நிலமெல்லாம் நஞ்சேறிக் கிடந்தது. அந்நஞ்சு நிலத்திலே ஒரு காடு முளைத்தது. மரமும் அன்று, செடியும் அன்று. இராட்சதப் பூஞ்சணங்களாலான காடு. அதன் வித்துத் தூள் கலந்த காற்றை முகமூடியின்றிச் சுவாசித்தால் ஐந்து நிமிடத்தில் நுரையீரல் அழுகும். அதற்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகற் கடல்’. அக்காட்டைக் காவல் செய்பவை இராட்சதப் பூச்சிகள். அவற்றுள் தலையானது ‘ஓமு’. குன்றென உயர்ந்து, பல கண்களோடு ஊர்ந்து வருவது. அமைதியாக இருக்கும்போது அதன் கண்கள் நீலம், சினங்கொண்டால் சிவப்பு. காடு ஆண்டுதோறும் வளர்கிறது. மனிதர் வாழும் இடம் ஆண்டுதோறும் சுருங்குகிறது.

இந்நிலையிலே ஒரு சிறு பள்ளத்தாக்கு மட்டும் கடற்காற்றின் தயவால் பிழைத்திருக்கிறது. காற்று வித்துத் தூளை உள்ளே வரவிடுவதில்லை. காற்றாலைகள் சுழல்கின்றன; நீர் இறைக்கப்படுகிறது; ஐந்நூறுக்கும் குறைந்த மக்கள் உழுது உண்கின்றனர். அவர்களுடைய இளவரசியே நௌசிகா. சிறகு போன்ற ஓர் இலகுவான ஊர்தியிலே காற்றோடு காற்றாகப் பறப்பவள். எல்லோரும் அஞ்சும் காட்டினுள்ளே தனியே சென்று, பூச்சிகளின் போக்கையும் பூஞ்சணங்களின் இயல்பையும் கூர்ந்து நோக்குபவள்.

அவளுடைய பெயர் கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய ஒடிசியிலிருந்து வந்தது. கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒடிசியஸ் என்னும் வீரனைக் கண்டு தோழியர் ஓட, ஓடாது நின்று அவனைக் காத்த அரசகுமாரி நௌசிகா. குணமோ பழைய யப்பானியக் கதையொன்றின் நாயகியைத் தழுவியது. பூச்சிகளை விரும்பிய சீமாட்டி ஒருத்தி, பட்டாம்பூச்சியின் அழகைப் புகழ்வோரிடையே கம்பளிப்புழுவை உள்ளங்கையில் ஏந்தி, அது உருமாறும் விதத்தை ஆராய்ந்தாள் என்பது ஹெயான் காலத்துக் கதை. அஞ்சி ஓடாமையும், அருவருப்பின்றி நோக்குதலும் ஒன்றுசேர்ந்தவளே மியாசாக்கியின் நாயகி.

படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. யூபா என்னும் முதுவீரர், காட்டருகே கண்டெடுத்த நரியணில் ஒன்றை நௌசிகாவிடம் கொடுக்கிறார். வெருண்டிருந்த அது அவளுடைய விரலைக் கவ்விக் கடிக்கிறது. அவள் விரலை இழுக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. பயப்படாதே என்று மெல்லக் கூறிக்கொண்டே நோவைப் பொறுத்திருக்கிறாள். சிறிது நேரத்தில் அது பிடியைத் தளர்த்தி, தான் கடித்த இடத்தைத் தானே நக்குகிறது. படம் முழுவதும் சொல்லப்போகும் பொருளுக்கு இந்நிகழ்ச்சி பாயிரமாகும். கடிப்பது பகைமையால் அன்று, அச்சத்தால். அச்சத்தை அச்சத்தால் வெல்லல் இயலாது.

ஓரிரவு டொல்மேக்கியா நாட்டு வான்கப்பல் ஒன்று பள்ளத்தாக்கிலே வீழ்ந்து நொறுங்குகிறது. அதனுள்ளே இருந்தது பெஜிட்டே நகரின் நிலத்தடியிலிருந்து கவரப்பட்ட பூதவீரன் ஒருவனின் கரு. அதனைத் தேடி டொல்மேக்கியாவின் இளவரசி குஷானா படையோடு வந்திறங்குகிறாள். நோயிலே கிடந்த நௌசிகாவின் தந்தை கொல்லப்படுகிறார். கண்ட மகள் வெறிகொண்டு வீரர் பலரை வெட்டிச் சாய்க்கிறாள். இடையிலே பாய்ந்த யூபா தம் கையை வாளுக்குக் கொடுத்து அவளை நிறுத்துகிறார். அவருடைய கையிலிருந்து வடியும் குருதியைக் கண்ட பின்னரே அவள் தன்னை உணர்கிறாள். பூச்சிக்கும் இரங்கும் நெஞ்சினள் மனிதரைக் கொன்றாள் என்பதைப் படம் மறைக்கவில்லை. சினத்தின்மீது தனக்கே எழுந்த அச்சத்தை அவள் பின்னர் யூபாவின் தோளிலே சாய்ந்து கூறி அழுகிறாள்.

அவ்வேளையிலே அவள் அரண்மனையின் கீழே மறைவாக வைத்திருந்த அறை ஒன்று வெளிப்படுகிறது. அங்கே அழுகற் கடலின் தாவரங்கள் வளர்கின்றன. ஆனால் நஞ்சு இல்லை. ஆழ்கிணற்றின் தூய நீரும் அடிமண்ணும் இட்டு வளர்த்ததால் அவை நஞ்சை வெளியிடவில்லை. அழுக்கு காட்டில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்பது அவள் கண்ட முடிவு. நிலத்தை அழுக்காக்கியவன் மனிதன்.

பின்னர் பெஜிட்டே நகரத்து இளைஞன் அஸ்பெல்லும் அவளும் காட்டிலே புதைமணலில் அமிழ்ந்து, அடியிலுள்ள குகை ஒன்றில் விழுகின்றனர். அங்கே முகமூடி வேண்டியதில்லை. நீர் தெளிந்து ஓடுகிறது. மேலே நஞ்சை உறிஞ்சி வளர்ந்த மரங்கள் நாளடைவில் கல்லாகி, தூய மணலாக உதிர்ந்து கிடக்கின்றன. பல நூற்றாண்டுகளாக மனிதரின் நஞ்சை அக்காடு தன் உடலில் ஏற்றுச் சுத்திகரித்து வந்தது. பூச்சிகள் அப்பணிக்குக் காவல் நின்றன. மனிதர் எதனைப் பகையென்று எரிக்க முனைந்தனரோ அதுவே அவர்களுக்கு மருந்தாக இருந்தது.

இக்கற்பனைக்கு ஓர் உண்மைத் துயரம் அடியிலே கிடக்கிறது. யப்பானின் கியூஷூ தீவிலே மினமாத்தா என்றொரு குடா உண்டு. இரசாயனத் தொழிற்சாலையின் கழிவுநீரோடு பாதரச நஞ்சு அக்கடலிலே பல்லாண்டுகள் கலந்தது. மீனுண்ட மக்கள் கைகால் நடுங்கி, பார்வையும் பேச்சும் குன்றி, பலர் இறந்தனர்; தாயின் வயிற்றிலிருந்த மகவும் தப்பவில்லை. 1956இல் அந்நோய் கண்டறியப்பட்டது. காரணம் இன்னதென அரசாங்கம் ஏற்றுக்கொண்டதோ 1968இல்தான். அக்குடாவிலே மீன்பிடித்தல் நின்றபின், மனிதர் தீண்டாத அந்நீரிலே மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பெருகின என்ற செய்தி தம் உடலைச் சிலிர்க்கச் செய்ததாக மியாசாக்கி கூறியிருக்கிறார். மனிதன் இட்ட நஞ்சைச் சுமந்துகொண்டு ஏனைய உயிர்கள் வாழ்கின்றன என்ற அவ்வெண்ணமே அழுகற் கடலின் வித்தாயிற்று.

கதையின் உச்சம் அறிதற்குரியது. தம் நகரைப் பறிகொடுத்த பெஜிட்டே மக்கள், டொல்மேக்கியப் படையை ஒழிக்க ஒரு கொடிய வழி காண்கின்றனர். ஓமுக் குட்டி ஒன்றைக் குத்திக் குருதி சொரியத் தொங்கவிட்டுப் பறந்து, சினங்கொண்ட ஓமுக் கூட்டம் முழுவதையும் பள்ளத்தாக்கின்மீது ஏவுகின்றனர். குஷானாவோ முதிராத பூதவீரனைக் கொணர்ந்து தீயுமிழச் செய்கிறாள். முதலில் ஓமுக்கள் எரிகின்றன. பின்னர் பூதவீரனின் உடலே உருகிச் சொரிந்து அழிகிறது. பள்ளத்தாக்கிலே பிறந்தோர் எவரும் கண்டறியாத வகையிலே காற்று நின்றுவிடுகிறது. கொலையாயுதம் தோற்றவிடத்து நௌசிகா அக்குட்டியோடு கூட்டத்தின் முன்னே இறங்கி நிற்கிறாள். கூட்டம் அவளைத் தூக்கி எறிகிறது. பின்னரே ஒவ்வொன்றாகக் கண்கள் சிவப்பு மாறி நீலமாகின்றன. ஓமுக்கள் தம் பொன்னிற உணரிழைகளை நீட்டி அவளை உயர்த்துகின்றன, மாண்டவள் மீள்கிறாள். ஓமுவின் குருதியால் நீலமாகிவிட்ட ஆடையோடு பொன்வயல் போன்ற இழைகளின்மீது அவள் நடக்கிறாள். நீல உடை அணிந்து பொன்வயலில் இறங்கி வருபவர், நிலத்தோடு அறுந்த உறவை மீண்டும் பிணைப்பார் என்ற பழைய வாக்கு நிறைவேறுகிறது. கண்ணிழந்த முதியவள் அக்காட்சியைச் சிறுவரின் வாய்மொழியாற் கேட்டு அழுகிறாள். இடையே ஒலிக்கும் குழந்தைக் குரல் பாட்டு ஹிசைஷியின் சிறு மகள் பாடியது.

படம் வெற்றி பெற்றது. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் யப்பானியப் படமாளிகைகளிலே அதனைக் கண்டனர். அவ்வெற்றியின் பயனாக 1985இல் ஜிப்லி என்ற கலைக்கூடம் உருவாயிற்று. இருமுறை அமெரிக்க ஒஸ்கார் விருதை வென்ற மியாசாக்கியின் பிற்காலப் படங்கள் அங்கேதான் ஆக்கப்பட்டன.

ஆயினும், நேயர்களே, இப்படத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய செய்தி அவ்வெற்றியன்று. தயாரிப்பாளரான தகஹதாவிடம் படத்தைப்பற்றிக் கேட்டபோது அவர் கூறிய விடையே சிந்திக்கற்பாலது. தயாரிப்பாளர் என்ற முறையில் தமக்குப் பெருமகிழ்ச்சி. மியாசாக்கியின் நண்பர் என்ற முறையில் தாம் இடும் மதிப்பு நூற்றுக்கு முப்பது புள்ளிகள் என்பது அவர் விடை. ஆயிரம் ஆண்டு அப்பாலுள்ள உலகத்திலிருந்து பார்த்தால் இன்றைய உலகம் புதிய ஒளியிலே தெரிய வேண்டும். அவ்வெளிச்சம் போதவில்லை என்பது அவர் காட்டிய காரணம். இவர் இன்னும் மேலே செல்ல வல்லவர் என்று அறிந்தவன்தான் இவ்வாறு குறைத்துப் புள்ளியிட முடியும். புகழுரையைவிட அரிய பரிசு அது.

அம்மதிப்பீட்டில் உண்மை இருந்தது. படம் தரும் விடையைச் சற்று ஆராய்ந்தால் அது விளங்கும். மனிதன் நஞ்சிட்டான், காடு சுத்திகரிக்கிறது. அப்படியாயின் மனிதன் செய்ய வேண்டியது யாது? காட்டை எரிக்காமல் காத்திருத்தல் மட்டுமே. கடனைப் பட்டவன் ஒருவன், அதை அடைப்பவன் வேறொருவன் என்றால் பட்டவனுக்கு அது இனிய செய்தியே. ஆனால் அதில் அறம் குறைவு. மாண்ட நாயகி ஓர் அற்புதத்தால் எழுவதும் கண்ணீரை வருவிக்குமேயன்றி வினாவைத் தீர்க்காது. இம்முடிவு சமயச் சித்திரம் போலாகிவிட்டதே என்ற குறை மியாசாக்கிக்கும் இருந்தது.

படம் எடுத்த வேளையிலே மங்கா முடிவடையவில்லை. தொடரின் முற்பகுதி மட்டுமே படமாயிற்று. மியாசாக்கி வேறு படங்களை இயக்க இடையிடையே நிறுத்தி, மீண்டும் தொடங்கி, 1994 மார்ச் மாதத்திலேதான் அதனை முடித்தார். பன்னிரண்டு ஆண்டுகள், ஏழு தொகுதிகள். அவ்வாண்டுகளிலேதான் சோவியத் ஒன்றியம் கலைந்தது; யூகோஸ்லாவியாவிலே அயலவர் அயலவரைக் கொன்றனர். கதையும் இருண்டது, ஆழ்ந்தது. படத்திலே இல்லாத டொரோக் என்ற பேரரசு அதிலே வருகிறது. படத்தில் கடுமையாளாகத் தோன்றும் குஷானா, தன் வீரருக்காகக் கலங்கும் தலைவியாக அங்கே விரிகிறாள்.

எல்லாவற்றினும் மேலாக, படத்தின் விடையையே மங்கா கவிழ்த்துவிடுகிறது. அழுகற் கடல் இயற்கையின் கருணையால் எழுந்ததன்று. பண்டைய மனிதரே தம் அறிவால் வகுத்து விட்டுச்சென்ற சுத்திகரிப்புப் பொறி அது. அதற்கிசைய மனிதரின் உடலும் மாற்றப்பட்டிருந்தது. நஞ்சுக் காற்றில் வாழப் பழகிய இன்றைய மனிதர், முற்றும் தூயதான காற்றிலே உயிர் வாழ இயலாது. சுத்திகரிப்பு முடிந்த நாளில் அவர்கள் மறைவர். சினமும் போரும் அறியாத புதிய மனிதர், சூவா என்னும் நகரிலுள்ள கல்லறையிலே முட்டைகளாகக் காத்திருக்கின்றனர். நௌசிகா அத்திட்டத்தை ஏற்கவில்லை. தன்னைத் தாயென அழைக்கும் பூதவீரனைக் கொண்டே அக்கல்லறையைத் தகர்க்கிறாள். அதிலிருந்து பாய்ந்த குருதி ஓமுவின் குருதியை ஒத்த நீல நிறமாயிருந்தது. தான் அழித்தது எது என்பதை அவள் உணர்கிறாள். அவ்வுண்மையை மக்களுக்கு உரையாது சுமக்கிறாள். இங்கே அற்புதமில்லை, பொன்வயலில் நின்று மகிழ இடமில்லை. குறைகளோடு கூடிய வாழ்வைக் குறைகளோடு வாழ்வதே உயிர் என்ற துணிவு ஒன்றே எஞ்சுகிறது.

நண்பர் கேட்ட கேள்வி எதுவோ, அதனையே இப்பிற்பகுதியும் கேட்கிறது. ஆயிரம் ஆண்டு அப்பாலுள்ள அவ்வுலகு இப்போது இன்றைய உலகின்மீது ஒளி வீசுகிறது. நஞ்சை இட்டுவிட்டுப் பின்வருவோர் கணக்கிலே எழுதி வைப்பவரும், தூய உலகம் ஒன்றைத் தாமே வகுத்து அதற்காக இருப்போரைப் பலியிடத் துணிபவரும், ஒரே தவற்றின் இரு முகங்கள் என்பதை அது காட்டுகிறது. வெற்றி பெற்ற விடையைத் தானே ஐயுற்று, பத்தாண்டு உழைத்து, கடினமான வேறொரு விடைக்குச் சென்றமை அரிய செயல். மக்கள் கைதட்டிய பின்னரும் விடைத்தாளைத் திருத்தும் துணிவு எல்லாக் கலைஞர்க்கும் வாய்ப்பதில்லை.

அதனால் படம் பயனற்றதென்று கொள்ளலாகாது. 1985இல் அமெரிக்காவிலே இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, காட்டின் உட்பொருளைச் சிதைத்து, பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றி, வெறும் வீரக் கதையாக ஒரு பதிப்பை வெளியிட்டனர். அதன்பின் தம் படங்களில் ஓர் இடமும் வெட்டலாகாது என்ற உறுதியை ஜிப்லியினர் மேற்கொண்டனர். முழுப்படம் 2005இல் ஆங்கில மொழியில் வெளிவந்தபோது அது எத்தகையது என்பதை ஏனையோரும் அறிந்தனர். எதனை வெட்டினால் கதை செத்துவிடுமோ அதுவே கதையின் உயிர். இங்கே அவ்வுயிர் போர்க்காட்சியன்று. ஒரு பெண் விளக்கின் ஒளியிலே செடிகளை வளர்த்து, நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாக ஆராய்ந்த அச்சிறு அறைதான்.

சிறுவர் முதலில் படத்தைக் காணட்டும். அஞ்சியதைக் கொல்லாமல் அறிய முயல வேண்டும் என்ற பாடம் பத்து வயதிலேயே பதிய வேண்டியது. வளர்ந்த பின்னர் ஏழு தொகுதிகளையும் வாசிக்கட்டும். எளிய விடை போதாது என்பதை அறிதற்கு அவ்வயது ஏற்றது. முன்னது நம்பிக்கை தரும். பின்னது அந்நம்பிக்கைக்கு விலை என்ன என்று கேட்கும்.

படத்தின் கடைசிக் காட்சியிலே, அழுகற் கடலின் அடியிலே, நௌசிகா முன்பு விட்டு வந்த தலையணி கிடக்கிறது. அதனருகே தூய மணலைக் கீறிக்கொண்டு ஒரு பச்சை முளை தலைநீட்டுகிறது. அதற்கு நீர் வார்க்க எவரும் அங்கில்லை. ஆனால் அவ்வளவு ஆழத்திலும் நல்ல மண் உண்டென்று கண்டு சொன்னவள் ஒருத்தி மேலே இருக்கிறாள்.